இருமலும் உண்டு, பாட்டும் உண்டு

மேல்வீட்டு அக்கா எதைக் கொடுத்தாலும் அதன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். மீன்குழம்புக் கிண்ணத்தை நீட்டும்போதே, "புளி கூடிப் போச்சி, நேத்து ஆக்கினது" என்பார். மழைக்குக் குடை கேட்டால், "இந்தா, ஒரு பக்கம் ஒழுகும்" என்று விரித்துக் காட்டி, எந்தப் பக்கம் என்பதையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத் தருவார்.

மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்று தளக் கட்டடம் ஒன்றில் நடுத்தளத்தில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எங்களுக்கு மேலே அவரும் அவர் வீட்டுக்காரரும். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு ஊர் மட்டக்களப்பு. எனக்கு மதுரைப் பக்கம். அவர் பேச்சு காதுக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின. அதன்பிறகு அவர் சொல்வதில் புரியாதது என்று எதுவும் இருக்கவில்லை. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்த நாட்கள்தான் உண்டு.

நாங்கள் குடிவந்த அன்று, பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, தட்டில் பிட்டோடு இறங்கி வந்தார்.

"நான் மேல இரிக்கிறன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்ட ஜெபக்கூட்டம். பத்துப் பதினைஞ்சி பேர் வருவாங்க. ஒரு மணித்தியாலம் பாட்டு இரிக்கும். எங்கட வீட்டுக்காரர் ஹார்மோனியம் வாசிப்பார், இடைக்கிடை பிழையா வாசிப்பார். இரவில இருமுவார். அது தொத்துற இருமல் இல்ல. முதலே சொல்லிட்டன், மறுகா நீங்க குறை சொல்லப்படாது."

கதவைச் சாத்தியதும் என் கணவர், "நல்லா வந்து மாட்டினோம்" என்றார். பிட்டு நன்றாக இருந்தது. அதைப் பற்றி மட்டும் அக்கா ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை.

சொன்னது எல்லாமே சரியாக நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலைத் தாண்டிப் பனிக்காலணிகள் மேலே ஏறும். பாட்டு தொடங்கும். ஹார்மோனியம் எங்காவது ஓரிடத்தில் தடுமாறும், எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள், பிறகு சேர்ந்து போவார்கள். இரவில் இருமல். எதுவும் எங்களுக்கு அதிர்ச்சியாக இல்லை. முன்கூட்டியே தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான் என்று அப்போது கண்டுகொண்டேன்.

அக்கா ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை செய்தார். முதலில் அவரை முன்னால் விற்பனைக்குத்தான் நிறுத்தியிருந்தார்கள். யாராவது முலாம்பழத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தால், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "பா பொன், மதாம்" என்பார். நல்லா இல்லை அம்மா என்று அர்த்தம். நாளைக்கு நல்லது வரும் என்று சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அவருக்கு பிரெஞ்சு வராது. சில வாரங்களில் முதலாளி அவரைப் பின்பக்கம் அனுப்பிவிட்டார். கீரை கழுவுவது, பெட்டி பிரிப்பது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

"பின்னுக்கு வேலை லேசி புள்ள. அங்க என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்குறல்ல."

இந்த நகரத்துப் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியில் இருக்கும். இரும்பில், வளைந்து, தெருவைப் பார்த்து இறங்கும். ஒரு குளிர்காலக் காலையில் அக்காவின் வீட்டுக்காரர் பனி உறைந்து, உப்புத் தூவாமல் கிடந்த படியில் கால்வைத்து, எங்கள் வாசல்வரை சரிந்து வந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவர் கீழே இறங்கவில்லை. தெருப்பக்க ஜன்னலுக்கு அருகே ஒரு கட்டிலைப் போட்டார்கள். படி இல்லாத வீடாகப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இது அடிக்கடி நிண்டுபோகும்" என்று சொல்லி என் கையில் தந்தார். அன்றிலிருந்து மாலை நேரங்களில் நானும் அவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வீடு தேடினோம்.

வாடகை விளம்பரத் தளங்களில் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். தரைத்தளம், குறி போடு. மின்தூக்கி, குறி போடு. மெட்ரோவுக்கு அருகில், இருந்தால் நல்லது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு குறி போடும்போதும் அவை உதிரும். இங்கே வீட்டை அறைக் கணக்கில் மூன்றரை, நாலரை என்று அளப்பார்கள்.

"அதென்ன அரை?"

"பாத்ரூம்க்கா. அதை அரைன்னு கணக்கு வைக்கிறாங்க."

"வயசானவங்களுக்கு அதுதானே முழுசு" என்றார். படங்களைப் புரட்டினார். கூடம், அடுக்களை, படுக்கையறை, மறுபடியும் கூடம். "பாத்தியா, ஒருத்தனும் கக்கூசப் படம் எடுக்கல்ல. அதத்தானே நான் பாக்கோணும்."

அந்த விளம்பரத் தளத்தில் வீட்டு உரிமையாளருக்கு எழுத ஒரு தயார்ச் செய்தி இருக்கும்: வணக்கம், இது இன்னும் காலியாக இருக்கிறதா? ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நான் ஆரெண்டு சொல்லாம அதென்ன கேள்வி?" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு பிரெஞ்சாக்கினேன். அவர் சொன்னது இது:

"நாங்கள் இரண்டு பேர். எனக்கு வேலை இருக்கிறது. என் கணவருக்கு நடக்க முடியாது. இரவில் இருமுவார், தொற்றாது. வெள்ளி மாலை ஆட்கள் வந்து ஒரு மணி நேரம் பாடுவார்கள். ஹார்மோனியமும் இருக்கும். மீன் பொரிப்போம். எனக்கு பிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும். வீட்டைத் துப்புரவாக வைத்திருப்போம்."

"அக்கா, இதெல்லாம் இப்பவே எழுதணுமா? முதல்ல வீட்டைப் பாப்போம். பேசும்போது சொல்லிக்கலாம்."

"இல்ல, போடு."

போட்டேன். வீட்டுக்கு வீடு அதையே அனுப்பினோம். செய்திக்குக் கீழே பார்த்துவிட்டார்கள் என்ற அடையாளம் வரும். பதில் வராது. மீன் என்ற வரியையாவது எடுக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "மீன் பொரிக்கிறதுதானே?" என்று திருப்பிக் கேட்டார்.

முதலில் வந்த பதில் மிக அன்பான பதில். வீடு நகரத்தின் நடுவில், தரைத்தளம், வாடகையும் நம்ப முடியாத அளவு குறைவு. உங்கள் கணவரின் இருமல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, பாட்டு என்றால் எனக்கு உயிர், நான் இறைவனுக்குப் பயந்தவன் என்று எழுதியிருந்தான். வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறானாம். முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவானாம். ஏமாற்று என்று நான் சொன்னதை அக்கா உடனே ஏற்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து அந்த முகவரிக்கே போய் மணியடித்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அது அவர்கள் சொந்த வீடு, யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

அக்கா திரும்பி வந்து இதைச் சொன்னபோது நானும் மேலே அவர் வீட்டில் இருந்தேன். கட்டிலில் இருந்தபடி அவர் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அதிகம் பேசமாட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும். இருமல் காரியமில்ல எண்டு எழுதினானே, அவன் கள்ளன்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "நீ பொய் சொன்ன எண்டு அவனுக்கு எழுது புள்ள" என்றார். எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வீட்டுக்கு மட்டும் பார்க்க வரச் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்கார அம்மாள் எங்கள் செய்தியை முழுதாகப் படிக்கவில்லை என்பது போனதும் தெரிந்துவிட்டது. வெள்ளை முடி, மேல்தளத்தில் தானே குடியிருக்கிறார். வாசலில் படி இல்லை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருந்தது. அக்கா அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் பேச, அந்த அம்மாள் தலையாட்ட, காரியம் முடிந்தது என்றே நினைத்தேன். விண்ணப்பத்தை எடுக்க அவர் உள்ளே திரும்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"மதாம். என் மரி, இருமல்." மரி என்றால் கணவர். மார்பைத் தொட்டு இருமிக் காட்டினார். "வான்த்ரெதி, நிறையப் பேர், பாட்டு." வெள்ளிக்கிழமையை பிரெஞ்சில் சொல்லி, இரண்டு கையாலும் ஹார்மோனியம் வாசித்துக் காட்டினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நயமாகச் சொல்லி எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பேருந்தில் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவங்க கேக்கவே இல்லையேக்கா. கையெழுத்துப் போட்ட பிறகு தெரிஞ்சா என்ன செஞ்சிருவாங்க? அண்ணன் அங்க மேல்மாடியில கெடக்குறாரு."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வைச்சிட்டு அந்த வீட்டில இரிக்கிறன் எண்டு வையி. ராவில அவர் இருமுவார். ஒவ்வொரு இருமலுக்கும் நான் முகட்டப் பாத்துக்கொண்டு கிடக்கோணும். அவர் வாயப் பொத்துவார். எனக்கு ஏலா புள்ள. களைப்பு."

அவர் தன்னைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

அந்த வசந்தத்தில் நாங்களும் வீடு தேடினோம். கொஞ்சம் பெரிய வீடாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் கணவர் நினைத்தார். நானும் நினைத்தேன். எங்கள் செய்தி நான்கு வரி: இளம் தம்பதி, இருவருக்கும் நல்ல வேலை, பிராணிகள் இல்லை, அமைதியானவர்கள். உடனே பதில்கள் வந்தன. லாஷினில் ஒரு வீடு இருவருக்கும் பிடித்தது. அந்த வீட்டின் உரிமையாளர் அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவருடைய எண் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, அக்காவின் எண்ணைக் கொடுத்தேன்.

அன்று மாலை அக்கா இறங்கி வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"அந்த வீட்டுக்காரன் போன் எடுத்தான். தமிழ் தெரிஞ்ச பெட்டை ஒண்டும் கூட இருந்து கேட்டுச் சொல்லிச்சி. வாடகை ஒழுங்காக் குடுக்கிறாங்களா எண்டான், ஓம் எண்டன். துப்புரவா எண்டான், ஓம் எண்டன். சத்தம் போடுவாங்களா எண்டான்."

என் கணவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சண்டை பிடிச்சா மேல கேக்கும் எண்டு சொன்னன். கேட்டான், சொன்னன். சொன்னத உங்களுக்கும் சொல்லோணும்தானே."

என் கணவர், "என்ன கேக்கும்?" என்றார்.

"எல்லாம் கேக்கும் தம்பி. நீங்க சாமான் எறியிறது கேக்கும். கதவ அடிச்சிச் சாத்துறது கேக்கும். மறுகா ரெண்டு மூணு நாள் ஒரு சத்தமும் இல்லாம இரிப்பீங்க. அதுவும் தெரியும்."

எங்களுக்குக் கேட்பது போலவே அவர்களுக்கும் கேட்கும் என்பது அதுவரை ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் அவர் வீட்டுப் பாட்டை வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று லாஷின்காரர் எழுதினார். என் கணவர் அதன்பிறகு அக்காவைப் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தப் பொம்பளைக்கு இனிமே வீடு தேடிக் குடுக்குற வேலையெல்லாம் வேணாம்" என்றார். எனக்கும் கோபம் இருந்தது. சில நாட்கள் மேலே போகவில்லை. அக்கா கிண்ணத்தோடு வந்தபோது சாப்பிட்டாயிற்று என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, விளக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நானும் என் கணவரும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டோம். அது முன்பைவிட மோசமாக இருந்தது.

ஜன்னல் ஓரத்தில் அந்த மனிதர் படுத்திருப்பது தெருவிலிருந்து தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மேலே பார்த்தேன். கை அசைத்தார். அப்படியே படியேறிப் போய் டேப்லெட்டைக் கேட்டு வாங்கினேன். மறுபடி தேடத் தொடங்கினோம்.

மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவர் ஹெய்ட்டிக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "பாட்டு எத்தனை மணிக்கு முடியும்? மேலே என் அம்மா இருக்கிறார். அவர் விடியற்காலையில் உரக்க ஜெபம் செய்வார், நிறுத்தச் சொல்ல முடியாது. குளியலறையில் வெந்நீர் வர நேரமாகும். நிலவறையில் வசந்த காலத்தில் ஈர வாடை வரும். மீன் பிரச்சினை இல்லை, நாங்களும் பொரிப்போம். இவை சம்மதம் என்றால் வந்து பாருங்கள்."

அக்கா என்னை அதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு டேப்லெட்டைத் தானே வாங்கி, படிக்கத் தெரியாத அந்த பிரெஞ்சு எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு ஏழரைக்கு முடிஞ்சிரும் எண்டு எழுது" என்றார். கையை எடுக்கப்போன என்னிடம், "சில நேரம் எட்டும் ஆகும் எண்டும் எழுது" என்றார்.

அந்த வீடு அமைந்தது. ஜூலை முதல் தேதிதான் இந்த ஊரே வீடு மாறும் நாள். தெருவெங்கும் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் நடைபாதையில் நிற்கும். ஜெபக்கூட்டத்து ஆண்கள் நாலு பேர் அக்காவின் வீட்டுக்காரரைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் வைத்து, துண்டால் கட்டி, அந்த வளைந்த படியில் இறக்கினார்கள். தூக்குவதற்கு முன் அக்கா அவர்களிடம் சொன்னார், "பயம் வந்தா ஏசுவார். மனசில எடுக்காதீங்க." அவர் ஏசவில்லை. எங்கள் தளம் வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அங்கே திறந்து என்னைப் பார்த்து, "அவ என்னப் பத்தி ஊரெல்லாம் எழுதிட்டா, என்ன?" என்றார். ஆமாம் என்றேன். "பிழையா வாசிப்பன் எண்டதையும் எழுதினவவா?" இல்லை, அதை எழுதவில்லை என்றேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். நடைபாதையில் இறக்கியதும், கொஞ்சம் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் கட்டப்பட்டபடியே போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் புது வீட்டுக்கு நான் போனது ஒருமுறைதான். அவர் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேல்வீட்டுப் பாட்டிக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. இருவரும் பால்கனிக்கும் முற்றத்துக்குமாக ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் மணவாழ்க்கை அதற்கு அடுத்த ஆண்டு முறிந்தது. அதைப் பற்றிச் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. நான் தனியாக வீடு தேடினேன். அதே தளம், அதே கட்டங்கள், வரைபடத்தில் அதே புள்ளிகள். எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். வெர்டனில் ஒரு மூன்றரையைப் போய்ப் பார்த்தேன். கூடத்தில் நல்ல வெளிச்சம். உங்களைத் தெரிந்தவர் யாராவது ஒருவர் எண் தாருங்கள் என்றார் வீட்டு உரிமையாளர். அலுவலக மேலாளர் எண்ணைத் தந்திருக்கலாம். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். தொலைபேசியில் அந்தப் பெயர்வரை போய், தாண்டி, அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். அவரை அழைத்து முன்கூட்டிச் சொல்லி வைக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவே அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

"புள்ள, ஒருத்தன் போன் எடுத்தான். ஜெபத்துக்கு வாற பெட்டை ஒண்டு பக்கத்தில இருந்து கேட்டுச் சொல்லிச்சி. வாடகை ஒழுங்காக் குடுப்பா எண்டன். குளிருக்கு வீட்டுச் சூட்டக் கூட்டிப் போட்டு வைப்பா, ஜன்னலையும் திறந்து வைப்பா எண்டன். முந்திச் சண்டைச் சத்தம் கேக்கும், இப்ப சண்டை பிடிக்க ஆள் இல்ல, அதால சத்தம் இராது எண்டன்."

"சரிக்கா."

"நானும் அவனிட்டக் கேட்டன், உன்ட வீட்டில என்ன குறையெண்டு. முதல்ல ஒண்டும் இல்ல எண்டான். நான் விடல்ல. மறுகா சொன்னான், மேல ஒரு கிழவர் தனிய இரிக்கிறாராம். நித்திரை வராதாம், ராவில நடப்பாராம். நிலம் பலகை, கீழ நல்லாக் கேக்குமாம்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வேணாமெண்டா இப்பவே சொல்லு, நான் சொல்லிடுறன். ஆனா அது இரிக்கட்டும் புள்ள. தனியக் கிடக்கிற ஆளுக்கு மேல ஒரு நடமாட்டம் கேட்டா நல்லம்."

வீடு கிடைத்தது. வீட்டைச் சூடாக்கும் கட்டணத்தை மட்டும் உரிமையாளர் வாடகையில் சேர்க்காமல் என் பொறுப்பில் விட்டுவிட்டார். ஆகஸ்டில் குடிபோனேன். முதல் இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு மேலே பலகை முனகியது. ஜன்னல் பக்கமிருந்து அடுக்களைவரை, பிறகு அங்கிருந்து திரும்பி. தூக்கம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.